வடாம் கெடுவது வெயிலால் மட்டுமல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வடாம், வற்றல் வகைகளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். எல்லாமே பாக்கெட்டில் கிடைக்கும் காலத்தில் இதற்கு இடம் கொடுத்ததே நல்ல காரியம். ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தக் குறிப்பிலும் தண்ணீர் அளவு இல்லை. உப்பு ‘தேவையான அளவு’. கூழ் ‘கெட்டியானதும் இறக்கவும்’. பிறகு ‘நல்ல வெயிலில் மூன்று நாள்’. முதல்முறையாக வடாம் போடுகிறவர் இதை மட்டும் நம்பினால், எண்ணெயில் போட்டதும் அசையாமல் கிடக்கும் வெள்ளைத் துண்டுகள்தான் மிஞ்சும். பழி வெயில்மேல் விழும். உண்மையில் வெயில் போதாமல் கெடும் வடாமைவிட, கூழ் வேகாமல் கெடும் வடாம்தான் அதிகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. அரிசிக் கூழ் வடாமுக்குப் பச்சரிசி மாவு அரைக் கிலோ, மாவு ஜவ்வரிசி 50 கிராம், தண்ணீர் மொத்தம் மூன்றரை லிட்டர், கல்லுப்பு 18 கிராம், பச்சை மிளகாய் 30 முதல் 40 கிராம், பெருங்காயத்தூள் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் இரண்டு. இது கரண்டியால் ஊற்றும் வடாமின் கணக்கு. அச்சில் பிழிவதென்றால் அதே மாவுக்கு ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் போதும். அதற்குமேல் போனால் பிழிந்த இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி அடையாகிவிடும். ஊற்று வடாமுக்கும் பிழிவதற்கும் ஒரே கூழைப் பயன்படுத்தலாம் என்று தங்கள் பக்கத்தில் இருந்தது. முடியாது. ஒன்றின் தண்ணீர் மற்றொன்றில் பாதிதான்.

மாவு எது என்பதும் முக்கியம். பழைய பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மிஷினில் அரைத்துச் சலித்த மாவு நன்றாக வரும். கடையில் இடியாப்ப மாவு என்று விற்பது ஏற்கெனவே வறுத்தோ அவித்தோ பதப்படுத்தியது. அது தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், அளவு தப்பும். ஜவ்வரிசியிலும் நைலான் ஜவ்வரிசி வேண்டாம். அது பாயசத்துக்கு நல்லது. வடாமுக்குக் கரைந்து கூழோடு சேரும் மாவு ஜவ்வரிசிதான் வேண்டும். மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யும் சேலத்து ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கடையில் கேட்கும்போது ‘வடாமுக்கு’ என்று சொன்னால் சரியானதை எடுத்துக் கொடுப்பார்கள்.

ஜவ்வரிசியை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். அடிகனமான, வாயகன்ற பாத்திரத்தில் இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் ஜவ்வரிசியைப் போட்டு, மணிகள் கண்ணாடியாகும் வரை வேகவிட வேண்டும். மிச்சம் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அந்தக் கொதிநீரில் ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் துடுப்பைப் போட்டுக் கிளற வேண்டும். உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் ஒவ்வொரு கட்டியின் வெளிப்பக்கமும் உடனே வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே இருக்கும். பிறகு எவ்வளவு மசித்தாலும் போகாது.

தவறு நடக்கும் இடம் இதற்கடுத்ததுதான். மாவுக் கரைசலை ஊற்றிய சில நிமிடங்களிலேயே கூழ் கெட்டியாகிவிடும். கை வலிக்கும், தெறிக்கும், ‘ஆகிவிட்டது’ என்று அடுப்பை அணைக்கத் தோன்றும். ஆனால் அது கெட்டியானதுதான், வெந்தது அல்ல. கூழ் இன்னும் சுண்ணாம்புபோல் வெளுப்பாக இருக்கும். தீயைக் குறைத்து மேலும் இருபது நிமிடமாவது கிளற வேண்டும். வெளுப்பு மாறி, மினுமினுப்பு வந்து, கரண்டியிலிருந்து விழும்போது திரையாக இறங்கும். ஈரக் கையால் தொட்டால் விரலில் ஒட்டாது. இன்னொரு சோதனை எளிது. ஒரு சொட்டைத் தட்டில் விட்டு இரண்டு நிமிடம் ஆறவையுங்கள். ஓரத்தை நகத்தால் தூக்கினால் தோலாக முழுசாக உரிந்து வர வேண்டும். விரலில் பசைபோல் இழுசினால் இன்னும் வேக வேண்டும். நடுவில் கூழ் இறுகிப்போனால் கொதிக்கும் தண்ணீரைத்தான் சேர்க்க வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் திரிதிரியாகப் பிரியும்.

ஏன் இவ்வளவு வேக வேண்டும்? வெந்த மாவுதான் காயும்போது ஒரே தகடாக இறுகும். அந்தத் தகட்டுக்குள் நன்றாகக் காய்ந்த பிறகும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஈரம் தங்கியிருக்கும். சூடான எண்ணெயில் தகடு இளகும் அதே நொடியில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருந்து ஊதுகிறது. வடாம் பொரிவது இப்படித்தான். பச்சை மாவு தகடாவதில்லை. உலரும்போதே வெடிக்கும், டப்பாவில் தூளாகக் கொட்டும், எண்ணெயில் ஆவி விரிசல் வழியாக வெளியேறிவிடும், வடாம் கல்லாக நிற்கும். மிச்சச் சோற்றை உப்பும் மிளகாயும் சேர்த்து அரைத்துக் கிள்ளி வைக்கும் சோற்று வடாம் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கும் நன்றாகப் பொரிவது இதனால்தான். சோறு ஏற்கெனவே முழுக்க வெந்தது. முதல்முறை முயல்கிறவர்கள் அதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. தங்கள் பக்கம் அதை ஓரத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டது.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கூழ் காய்ந்து முடிந்தால் அறுநூறு கிராமுக்குள்தான் நிற்கும். தண்ணீர் போகும், உப்பு அப்படியே இருக்கும். ஆகவே கூழை நாக்கில் வைத்தால் உப்பு பற்றாதது போலத்தான் தெரிய வேண்டும். ருசிக்குச் சரியாகப் போட்டால் பொரித்த வடாமை வாயில் வைக்க முடியாது. உப்பு கூடிய வடாம் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து நமுத்தும்போகும். பச்சை மிளகாயை உப்போடு சேர்த்து அரைத்து வடிகட்டிச் சேர்ப்பது நல்லது. விதை ஊற்று வடாமில் ஓட்டை போடும், அச்சின் கண்ணை அடைக்கும். ஓமமும் அப்படித்தான். பிழியும் வடாமுக்கு ஓமத்தை ஊறவைத்து அரைத்து வடிகட்டிய தண்ணீர் போதும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகே விட வேண்டும். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கூழ் இளகிப்போகும், கசப்பும் வரலாம். ஆப்பசோடா வேண்டவே வேண்டாம். வடாம் சிவக்கும், எண்ணெய் குடிக்கும். சோடா போட்டு வடாம் ‘பூவாகப் பொரியும்’ என்று தங்கள் குறிப்பில் இருந்தது. கூழ் வேகாத குறையை மறைக்கும் குறுக்குவழி அது.

இனி மாடிக்குப் போகலாம். நாளை வடாம் என்றால் இன்று மாலையே மாடியைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். காலையில் கழுவினால் தளம் ஈரத்தோடு இருக்கும், வெயில் ஏறியதும் அடியிலிருந்து ஆவி கிளம்பும். தண்ணீர்த் தொட்டி வழியும் பக்கம், சோலார் ஹீட்டரின் நிழல் விழும் இடம், புறாக்கள் உட்காரும் கைப்பிடிச் சுவருக்குக் கீழ், இந்த மூன்றையும் விட்டுவிட்டு இடம் பிடிக்க வேண்டும். சுண்ணாம்போ வெள்ளை பெயின்ட்டோ அடித்த தளம் என்றால் அது உதிரும், அதன்மேல் ஓலைப்பாய் விரித்துத்தான் துணி போட வேண்டும். கயிற்றுக் கட்டில் இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்லது வேறில்லை. அடியிலும் காற்றோடும்.

பழைய பருத்தி வேட்டியை நனைத்து, இறுகப் பிழிந்து விரித்து அதில் கூழை ஊற்றுவதுதான் பழைய வழக்கம். காய்ந்ததும் வேட்டியைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டால் வடாம் தானாக உரிந்து வரும். பிளாஸ்டிக் விரிப்பில் உரிப்பது சுலபம், ஆனால் அடிப்பக்கம் மூச்சு விடாது. அன்று மாலைக்குள் திருப்பிப் போடாவிட்டால் அடியில் புளித்துவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றவும் கூடாது. கை பொறுக்கும் சூடு வரட்டும். இப்போது பல மாடிகளில் கட்சிக் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் வைத்த பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திருப்பிப்போட்டு அதில் வடாம் ஊற்றுகிறார்கள். அது சாப்பாட்டுப் பொருளுக்கென்று செய்தது அல்ல. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. மே மாத மாடிச் சூட்டில், உப்பும் எலுமிச்சையும் கலந்த ஈரக் கூழை அதன்மேல் நாள் முழுக்க வைப்பதை யாரும் பரிந்துரைக்கக் கூடாது. தங்கள் பக்கத்தின் புகைப்படத்திலேயே அப்படி ஒரு பேனர் தெரிகிறது.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கூழ் அடுப்பில் ஏறி, ஏழரைக்குள் ஊற்றி முடிந்துவிட வேண்டும். முதல்நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அன்று மாலைக்குள் மேல்பக்கம் தோலாக இறுகியிருந்தால் மறுநாள் மேகமூட்டம் வந்தாலும் பாதகமில்லை. இறுகவில்லை என்றால் அன்றிரவே மின்விசிறிக்கு அடியில் விரித்துவிடுங்கள். மூடிவைத்தால் காலையில் புளித்த வாடை வரும், பிறகு எத்தனை வெயில் காட்டினாலும் அது போகாது. இரண்டாம் நாள் உரித்துத் திருப்பி, தாம்பாளத்திலோ முறத்திலோ பரப்ப வேண்டும். மெல்லிய வடாமுக்கு மூன்று நாள், கனத்துக்கு ஐந்து நாள். நாளை எண்ணுவதைவிட ஒன்றை ஒடித்துப் பார்ப்பது மேல். வளையாமல் ‘டக்’கென்று முறிய வேண்டும். தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். நடுவில் மட்டும் ரப்பர்போல் வளைந்தால் இன்னும் ஒருநாள்.

இணைப்பு வெளிவந்தது கத்திரியில். வடாமுக்கு வெயில் எவ்வளவு உக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம்தான் காரணமாக இருக்கும். ஈரத்தை எடுத்துப்போவது சூடும் காற்றும் சேர்ந்துதான். காற்றே ஈரமாக இருந்தால் சூட்டினால் மட்டும் பயனில்லை. சென்னையிலோ நாகையிலோ நண்பகலுக்குப்பின் கடற்காற்று நுழைந்ததும் வடாம் காய்வது நின்று, திரும்ப ஈரத்தை இழுக்கவும் தொடங்கும். உள்மாவட்டங்களில் சித்திரை, வைகாசி மாலைகளில் திடீரென்று இடியோடு கோடை மழை கொட்டும். மாசிப் பனி விலகியதிலிருந்து பங்குனி முடியும்வரைதான் நிதானமான காலம். வெயில் உண்டு, வறண்ட காற்று உண்டு, மாலை மழை குறைவு. கனமான பொருள்களுக்குக் கத்திரி வெயிலால் கெடுதலே உண்டு. மாங்காய்த் துண்டத்தையும் வடக உருண்டையையும் முதல்நாளே அந்த வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் சட்டென்று இறுகிவிடும். உள்ளீரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நிற்கும். மேலே காய்ந்தது, உள்ளே பூசணம். மின்சார உலர்த்தி வைத்திருப்பவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் போதும். சீக்கிரம் ஆகட்டும் என்று 70க்கு ஏற்றினால் இதேதான் நடக்கும்.

வற்றல்களுக்குத் தனித்தனி நியாயம் உண்டு. கொத்தவரங்காயையும் பாகற்காயையும் பச்சையாக நறுக்கிக் காயவைக்கச் சொல்லியிருந்தீர்கள். நிறம் கறுத்து, வைக்கோல் வாடை வரும். கொதிக்கும் உப்பு நீரில் மூன்று நான்கு நிமிடம் போட்டு எடுத்து, தண்ணீரை வடித்த பிறகுதான் வெயிலுக்குப் போக வேண்டும். நிறமும் மணமும் கெடக் காரணமான நொதிகள் அந்தச் சூட்டில் அடங்கிவிடும். வெண்டைக்காயை நறுக்கிய பிறகு கழுவக் கூடாது. கழுவித் துடைத்து, நறுக்கி, புளித்த கெட்டி மோரும் உப்பும் பிசிறிப் பரப்ப வேண்டும். சுண்டைக்காயை ஒவ்வொன்றாகத் தட்டி வாய் பிளக்க வைத்துத்தான் மோரில் போட வேண்டும். அம்மியோ கனமான டம்ளரின் அடியோ போதும். தட்டாமல் போட்டால் தோல் மோரை உள்ளே விடாது, கசப்பும் இறங்காது. மணத்தக்காளிக்குத் தட்ட வேண்டாம், நசுங்கிவிடும்.

மோர்மிளகாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடியில் அதிகம் வீணாவது அதுதான். குட்டையான, சதைப்பற்றுள்ள, நடுத்தரக் காரமுள்ள மிளகாய் ஒரு கிலோ. காம்பைக் கிள்ளாமல் பாதியாக வெட்டிவிட்டு, பக்கவாட்டில் ஒரு கீறல் அல்லது கனமான ஊசியால் இரண்டு மூன்று குத்து. மிளகாய்த் தோலின்மேல் மெழுகுப் பூச்சு உண்டு. கீறாவிட்டால் உப்பும் உள்ளே போகாது, ஈரமும் வெளியே வராது. வெளியே பளபளப்பாகக் காய்ந்த மிளகாயைப் பிளந்தால் விதையெல்லாம் கறுத்திருப்பது அதனால்தான். ஒன்றேகால் லிட்டர் புளித்த கெட்டி மோர், 150 முதல் 200 கிராம் கல்லுப்பு, சிறிது மஞ்சள்தூள். ஜாடியிலோ மண்சட்டியிலோ இரண்டு நாள் ஊறட்டும், காலையும் மாலையும் குலுக்கிவிடுங்கள். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் திரும்ப அதே மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் மிளகாயில் ஏறிவற்றும் வரை இப்படியே. அதன்பிறகு வெறும் வெயில். மொத்தம் எட்டு, பத்து நாள் ஆகும். உப்பைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று பாதியாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே உப்பும் மோரின் புளிப்பும் சேர்ந்துதான் பூசணத்தைத் தடுக்கின்றன. உடம்பைப் பார்ப்பதென்றால் நான்கு மிளகாய்க்குப் பதில் இரண்டு வறுங்கள், ஊறும்போது கைவைக்காதீர்கள்.

பூசணம் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘லேசாகப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு ஒரு வெயில் காட்டவும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இதை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள். மிளகாயிலும் தானியத்திலும் வளரும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். ஈரலைக் கெடுப்பது அது. துடைத்தால் பூசணம் போகும், நஞ்சு போகாது. வெயிலுக்கும் சரி, வறுக்கும் சூட்டுக்கும் சரி, அது முழுதாக அழிவதில்லை. பச்சை, கறுப்பு, மஞ்சள் எந்த நிறத்தில் பூத்திருந்தாலும் குப்பைக்குத்தான். உப்புப் பொரிந்து வெள்ளைப் படிகமாக நிற்பதைப் பூசணம் என்று நினைத்து எறிந்துவிடவும் வேண்டாம். உப்பு நெறுநெறுவென்று இருக்கும், தண்ணீரில் கரையும். பூசணம் பஞ்சாக இருக்கும், மக்கிய வாடை வரும்.

தாளிப்பு வடகத்தைத் தங்கள் பக்கம் அறவே மறந்துவிட்டது. டெல்டாப் பக்கத்திலும் வட மாவட்டங்களிலும் கீரைக்கும் குழம்புக்கும் இதைக் கிள்ளிப் போட்டுத்தான் தாளிப்பார்கள். சின்ன வெங்காயம் ஒரு கிலோ, பூண்டு 100 கிராம், கறுப்பு உளுந்து உடைத்தது 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, கல்லுப்பு 50 கிராம், மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, ஒரு பெரிய கைப்பிடி கறிவேப்பிலை, விளக்கெண்ணெய் 50 மில்லி. உளுந்தை மட்டும் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் ஓட்டினால் தண்ணீராகிவிடும், அது காய்வதற்குள் புளிக்கும். உரல் இல்லையென்றால் கத்தியால் பொடியாக நறுக்கிக் கையால் பிசைவது மிக்ஸியைவிட மேல். எல்லாவற்றையும் கலந்து ஓரிரவு மூடிவைத்து, காலையில் தாம்பாளத்தில் பரப்பி, மாலையில் விட்ட சாற்றோடு திரும்பப் பாத்திரத்தில் சேர்த்துப் பிசைய வேண்டும். மூன்றாம் நாள் கையில் பிடித்தால் பிடிக்கும் பதம் வரும். அப்போதுதான் உருண்டை. எலுமிச்சங்காய் அளவைத் தாண்டக் கூடாது. பெரிய உருண்டை பார்க்க அழகு, நடுவில் காயாது. விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, முதல் இரண்டு நாள் மாலை உருண்டையை உடைத்துத் திரும்ப உருட்டுவது அதற்காகத்தான். பிறகு ஒரு வாரம் விடாமல் வெயில்.

வைத்துக்கொள்வதில் பெரிதாக ஒன்றுமில்லை. மாடியிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்துவிடும். வீட்டுக்குள் ஒருமணி நேரம் ஆறவிட்டு மூட வேண்டும். வடாமையும் மோர்மிளகாயையும் ஒரே டப்பாவில் போடக் கூடாது. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், எல்லாவற்றுக்கும் ஒருநாள் வெயில் காட்டிவிட்டால் தை வரைக்கும் கவலையில்லை.

பொரிப்பதில் வடாமும் வற்றலும் எதிரெதிர். வடாமுக்கு எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு துண்டைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே மேலே வந்து விரிய வேண்டும். எண்ணெய் காயாவிட்டால் ஊதுவதற்குள் எண்ணெயைக் குடித்துவிடும். மழைநாளில் நமுத்திருந்தால் பொரிப்பதற்கு முன் சூடான வெறும் வாணலியில் அரை நிமிடம் புரட்டிக்கொள்ளலாம். சுண்டைக்காயும் மோர்மிளகாயும் இதற்கு நேர்மாறு. சிறு தீயில் நல்லெண்ணெயில் நிதானமாகக் கறுஞ்சிவப்பாக வேண்டும். பெருந்தீயில் போட்டால் வெளியே கருகி, உள்ளே மென்றால் தோலாக இழுக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாசகர்களுக்கு ஒரு வார்த்தையும் இல்லாதது பெரிய குறை. மாடிக் கதவைப் பூட்டிவைக்கும் சங்கங்கள் நிறைய. பால்கனியில் மூன்று மணி நேரம் வெயில் வந்தால் அதிகம். அந்த வெயிலில் அரிசிக் கூழ் வடாம் போடுவது வீண் உழைப்பு. மோர்மிளகாய், சுண்டைக்காய், மெல்லிய ஜவ்வரிசி வடாம் போடலாம். இட்லித்தட்டு அளவுச் சின்னத் தட்டுகளில் எண்ணெய் தடவி ஊற்றி, வெயில் போனதும் மின்விசிறிக்கு அடியில் மாற்றினால் நான்கு நாளில் காய்ந்துவிடும். சங்கங்கள் மனசு வைத்தால், பங்குனி மாதம் மட்டும் காலை ஆறிலிருந்து மாலை ஐந்து வரை மாடியைத் திறந்துவைத்து, வீட்டுக்கு இரண்டு நாள் என்று முறை வைக்கலாம். தண்ணீர்த் தொட்டிகள் பக்கம் போகாமல் ஒரு கயிறு கட்டினால் போதும். தங்கள் நாளிதழ் எழுதினால் சிலராவது கேட்பார்கள்.

அடுத்த ஆண்டு இந்தப் பக்கத்தை மாசி மாதமே வெளியிடுங்கள். அளவுகளை ‘கப்’பில் கொடுக்காமல் கிராமிலும் லிட்டரிலும் கொடுங்கள். ஒரு வீட்டுக் கப் 150 மில்லி, இன்னொரு வீட்டில் 250. இடம் போதாதென்றால் எட்டு வகைக்குப் பதில் இரண்டு வகை போடுங்கள், கூழ் வெந்த பதத்துக்கு ஒரு படம் சேருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மன்னார்குடி.

பி.கு.: மழை வந்து மோர்மிளகாயை மூன்று நாள் தொடர்ந்து வெளியே எடுக்க முடியாமல் போனால் பதற வேண்டாம். மோருக்குள் மூழ்கியே இருக்கட்டும், மேலே மிதப்பவற்றை ஒரு தட்டை வைத்து அழுத்துங்கள், ஒரு கைப்பிடி உப்பைக் கூட்டிவிடுங்கள். வெளியே எடுத்துப் பாதி காய்ந்த நிலையில் மழை பிடித்ததுதான் ஆபத்து. அவற்றை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் திறந்த தட்டில் வைத்து, வெயில் வந்ததும் மாடிக்கு எடுத்துப் போகலாம்.